மருந்தா, மாயத் தோற்றமா?

நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமும் நம் நினைவுக்கு வரும். வீட்டு அடுப்புகளில் எரிந்த 'லெக்கோ' கரியும் ஒரு காலத்தில் அங்கிருந்து வந்ததே. நிலக்கரியைப் பொடித்து, கட்டிகளாக அழுத்தி, காற்றுப் படாமல் சூடேற்றி லெக்கோ தயாரித்தார்கள். அப்போது வெளிவந்த தாரிலிருந்து பினால், கிரெசால் முதலிய சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஆனால் பினால் கற்பிக்கும் பாடம் இன்றும் தேவைப்படுகிறது.

பினாலுக்குக் கார்பாலிக் அமிலம் என்ற பெயரும் உண்டு. ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் இதைக் கொண்டு காயங்கள் சீழ் பிடிப்பதைத் தடுத்தார். 1867-ல் 'லான்செட்' இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆனால் பினால் கிருமிகளை மட்டுமா கொல்கிறது? நம் தோலையும் சுட்டுப் புண்ணாக்குகிறது. வயிற்றுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, கிருமியைக் கொல்லும் பொருளெல்லாம் உட்கொள்ளும் மருந்தாகிவிடாது.

அப்படியானால் மருந்தாகத் தக்கது எது என்று எப்படி அறிவது? இதற்கான சல்லடைகளுள் ஒன்று ஆய்விதழ். 1959-ல் தொடங்கப்பட்டு, இப்போது அமெரிக்க வேதியியல் கழகம் வெளியிடும் 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி' அத்தகையது. ஒருவர் புதிய சேர்மம் பற்றிக் கட்டுரை அனுப்பினால், பதிப்பாசிரியர் அதைத் துறை வல்லுநர் சிலரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவார். அவர்கள் யார் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாது. சேர்மம் தூய்மையானதா? அதன் மூலக்கூறு அமைப்பு உறுதியானதா? கிருமியைக் கொல்லும் அளவில் நம் செல்களுக்குக் கேடு விளையாதா? இப்படிக் கேள்விகள் எழும். விடை போதாவிடில் கட்டுரை திரும்பிவிடும்.

மதிப்பீட்டாளர்கள் சோதனையைத் தாமே செய்து பார்ப்பதில்லை. எனவே பிழைகள் நழுவுவதும் உண்டு. அதனால் அச்சான பின்னும் சலிப்பு தொடர்கிறது.

நம் வீட்டு மஞ்சளையே பாருங்கள். அதன் நிறப்பொருளான குர்குமினில் பினாலின் அமைப்பு இரண்டு இடங்களில் உள்ளது. அது பல நோய்களைத் தீர்க்கும் என்று ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 2017-ல் மேற்சொன்ன இதழில் நெல்சன் முதலானோர் அவற்றை அலசினர். குர்குமின் எளிதில் சிதைகிறது. உண்டால் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. தானே ஒளிர்வதால், ஒளியை அளந்து முடிவு சொல்லும் கருவிகளை ஏமாற்றுகிறது. 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்துள்ளன. அவற்றுள், யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாத முறையில் நடந்தவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றனர். இதற்கு மறுப்பும் அச்சில் வந்தது.

குழம்பில் மஞ்சள் இடுவதற்கு இது தடையன்று. ஆனால் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சள் மாத்திரையை நம்புவோருக்கு இது உயிர்ப் பிரச்சினை. இனி 'புற்றுநோய்க்குப் புது மருந்து' என்ற செய்தியைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஆய்விதழில் வந்தது? சோதனை நடந்தது கண்ணாடிக் குழாயிலா, விலங்குகளிடமா, மனிதரிடமா? வேறு எவரேனும் செய்து பார்த்து அதே முடிவைக் கண்டார்களா?