இரண்டு தீவிரவாதங்களுக்கு நடுவே

கண்டியில் மதத் தீவிரவாதம் ஒரே பக்கத்திலிருந்து வந்ததில்லை. அதைப் பற்றி எழுதும் முஸ்லிம் பெண் ஊடகவியலாளரை ஒரு தரப்பு எதிரியாகப் பார்க்கிறது. மறுதரப்போ சமூகத்தைக் காட்டிக்கொடுப்பவர் என்கிறது.

2018 பெப்ரவரியில் கண்டி மாவட்டத்தின் தெல்தெனியப் பகுதியில் வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி, மார்ச் 3 அன்று இறந்தார். பேஸ்புக்கில் அது இனப் பகையாக ஊதிப் பெருக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் திகனவிலும் சுற்றுவட்டாரத்திலும் முஸ்லிம்களின் கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. திகனவில் இளைஞர் ஒருவர் எரிந்த வீட்டுக்குள்ளேயே மாண்டார். மார்ச் 6 அன்று அவசரகால நிலை பிரகடனமானது. சிங்களத் தீவிரவாத அமைப்பான 'மஹசொன் பலகாய'வின் தலைவர் அமித் வீரசிங்க மார்ச் 8 அன்று கைதானார். சமூக ஊடகங்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 இல்தான்.

அதே 2018 டிசம்பரில், கண்டி-கொழும்பு வீதியிலுள்ள மாவனல்லையில் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டன. அந்த விசாரணை 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் பதுக்கிய வெடிபொருட்கள்வரை போனது. ஆனால் அடுத்து நடந்ததைத் தடுக்க அது போதவில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

திகனவை எரித்த வெறுப்பு சிங்களத்தில் பரவியது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிமின் உரைகள் தமிழில் இருந்தன. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் பேசும் கண்டி முஸ்லிம் ஒருவரால் இரண்டையும் நேரடியாகக் கேட்க முடியும். கொழும்புச் செய்தி அறைகள் இந்தத் திறனை உரிய அளவு பயன்படுத்தியதாகச் சொல்ல முடியாது.

பெண்ணுக்கு உடையும் ஒரு தடை. தாக்குதலுக்குப் பின், 2019 ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. மே மாதம் கண்டி மாவட்டத்தின் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவருடைய ஆடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பொலிஸாரின் கண்ணுக்கு அது தர்மசக்கரமாகத் தெரிந்தது. இரு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தபின்பே பிணை கிடைத்தது. அபாயா அணிந்த நிருபர் அந்நாட்களில் பொலிஸ் நிலையத்துக்குள் போய்க் கேள்வி கேட்பது எப்படியிருந்திருக்கும் என்பதை இதைக்கொண்டே ஊகிக்கலாம்.

சொந்தச் சமூகத்துக்குள்ளிருந்து வரும் மிரட்டலுக்கு ஏறாவூரைச் சேர்ந்த ஊடகவியலாளரும் எழுத்தாளருமான ஷர்மிளா ஸெய்யித் அறியப்பட்ட உதாரணம். 2012 இல் பிபிசி தமிழோசைக்குப் பாலியல் தொழில் பற்றி அளித்த பேட்டிக்காக அவருக்கு மிரட்டல்கள் வந்தன. ஊரைவிட்டே போக நேர்ந்தது. தீவிரவாதத்தைப் பேசும் அவருடைய 'உம்மத்' நாவல் 2014 இல் வெளிவந்தது. மறு ஆண்டு, அவர் வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்டதாகப் பொய்ச் செய்தியை இணையத்தில் பரப்பினார்கள்.

சட்டமும் எழுதுபவர்மீதே பாயக்கூடும். கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்ஸி ராஸிக், வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்க்கவேண்டும் எனப் பேஸ்புக்கில் எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைதாகி, ஐந்து மாதங்கள் தடுப்பில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.