அப்பா ஒல்லியானது எப்படி? பழைய அகலத்திரை வீடியோவை எடிட்டிங்குக்குத் தயார் செய்வது

போன மாதம் அம்மாவுக்கு ஒரு பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். 2007இல் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில் எடுத்தது. துபாயிலிருந்து வந்திருந்த அத்தான் கையில் ஒரு மினிடிவி கேமரா இருந்தது. வில்லுப்பாட்டு முழுவதையும், அடுத்த நாள் கன்னியாகுமரியில் சூரிய உதயத்தையும் எடுத்தார். அப்பா 2011இல் போய்விட்டார். அவர் நடந்து, பேசி, சிரிக்கும் வீடியோ எங்களிடம் இது மட்டும்தான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "மக்களே, உங்கப்பா இப்படியா இருந்தாவ? ஒரு வாரம் பட்டினி கெடந்த ஆளு மாதிரில்லா இருக்காவ."

அம்மா சொன்னது சரி. அப்பா மட்டுமல்ல, படத்தில் எல்லோருமே ஒல்லியாக, நெட்டையாக இருந்தார்கள். டேப்பை டிவிடியாக மாற்றிக் கொடுத்த கடையில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கவில்லை. அது என்ன, வீட்டில் எடிட்டிங் பழகுகிறவர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதைக் குறித்துவைக்கத்தான் இந்தப் பதிவு.

நெருக்கிப் பிடித்து, விரித்துக் காட்டுவது

சினிமாஸ்கோப் படங்களில் செய்த வித்தைதான் இது. கேமராவின் சிறப்பு லென்ஸ் அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிச் சாதாரண பிலிமில் பதிக்கும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை மறுபடி விரிக்கும். ஹாலிவுட்டில் 1953இல் வந்த 'தி ரோப்' இந்த முறையில் வந்த முதல் படம். தமிழில் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. புரொஜெக்டரில் விரிக்கும் லென்ஸைப் போட மறந்தால் ராஜராஜனும் ஒல்லியாகத்தான் தெரிவார்.

மினிடிவி கேமராவில் இதையே லென்ஸ் இல்லாமல் கணக்கால் செய்கிறார்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் (பி.ஏ.எல்.) ஒரு படச்சட்டம் 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். சாதாரண 4:3 படமானாலும், அகலத்திரை 16:9 படமானாலும் அதே 720, அதே 576. கூடுதல் புள்ளி கிடையாது. வித்தியாசம் ஒவ்வொரு புள்ளியின் வடிவத்தில்தான் இருக்கிறது. 4:3இல் ஒரு புள்ளியின் அகலம் உயரத்தைப்போல் சுமார் 1.07 மடங்கு. 16:9இல் சுமார் 1.42 மடங்கு. சதுரப் புள்ளிகளாக மாற்றினால் முதலாவது 768×576, இரண்டாவது 1024×576.

"இந்தப் படத்தை விரித்துக் காட்டு" என்று சொல்வது கோப்புக்குள் இருக்கும் ஒரு சிறு குறிப்பு. அது தொலைந்தால் டிவி அதை 4:3 என்று நினைத்துக் காட்டும். அப்போது எல்லோருடைய அகலமும் முக்கால் பங்காகிவிடும். அப்பாவுக்கு நேர்ந்தது இதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

'மீடியாஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். புள்ளிக் கணக்கு, காட்டவேண்டிய விகிதம், வரிகள் பதிந்த முறை மூன்றும் தெரியும். ஆனால் குறிப்பே தவறாக இருந்தால் அதுவும் தவறாகத்தான் சொல்லும். அதனால் படத்துக்குள் ஒரு வட்டத்தைத் தேடுங்கள். பக்கவாட்டில் தெரியும் சைக்கிள் சக்கரம், சுவர்க் கடிகாரம், எதுவானாலும் சரி.

எனக்குக் கன்னியாகுமரி சூரியனே கிடைத்தது. டிவிடியில் அது நிமிர்த்தி வைத்த முட்டை மாதிரி இருந்தது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கடல்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சூரியனை வைத்துச் சோதிக்கக் கூடாது. அப்போது காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியன் உண்மையிலேயே மேலும் கீழும் அமுங்கித் தெரியும். உயரம் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம். நெருக்கல் ஒருபக்கம், அமுக்கல் ஒருபக்கம் என்று இரண்டும் சேர்ந்தால், தவறான விகிதத்திலும் சூரியன் கிட்டத்தட்ட வட்டமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். நான் முதலில் ஏமாந்தது அப்படித்தான். சூரியன் நன்றாக மேலே வந்தபிறகு உள்ள காட்சியைப் பாருங்கள்.

விஎல்சி பிளேயரில் 'ஏ' எழுத்தை அழுத்த அழுத்த விகிதம் மாறும். 16:9இல் வட்டம் வட்டமானால் விஷயம் முடிந்தது.

திருத்த முடிந்த தவறும் திருத்த முடியாத தவறும்

நெருங்கிய படம் பார்க்கக் கோரமாக இருந்தாலும் அதில் எதுவும் தொலையவில்லை. குறிப்பை மாற்றினால் போதும். ஷாட்கட் என்ற இலவச எடிட்டரில், கிளிப்பின் பண்புகளில் விகிதத்தை 16:9 என்று கொடுத்தால் அப்பா பழைய அப்பாவாகிவிடுவார்.

திரும்ப வராதவை வேறு. சில கேமராக்கள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு, 576இல் நடுவிலுள்ள 432 வரிகளில் மட்டும் படத்தைப் பதியும். மீதி வரிகள் வீண்தான். அதைவிட மோசமானது வெட்டுவது. இந்தத் தவறைச் செய்தது நானே.

அத்தான் எடுத்தது இரண்டு டேப். முதல் டேப்பை 2009இல் நானே எடிட் செய்தேன். புராஜெக்ட் 4:3இல் இருந்தது. கறுப்புப் பட்டை வேண்டாமே என்று 'சட்டத்தை நிரப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இடதும் வலதும் எட்டில் ஒரு பங்கு போனது. வில்லுப்பாட்டில் புலவர், குடக்காரர், உடுக்கைக்காரர், ஜால்ராக்காரர் எல்லோரும் வில்லின் பக்கமாக வரிசையாக உட்காருவார்கள். அகலத்திரைக்கென்றே அமைந்த காட்சி. இரண்டு ஓரமும் போனால் உடுக்கைச் சத்தம் கேட்கும், உடுக்கைக்காரர் இருக்க மாட்டார். வலது ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் தோள் மட்டும் மிச்சம். டேப் விலையை நினைத்து, அதன்மேலேயே வேறு எதையோ பதிந்தும் விட்டேன். அதை இனி எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

கடையில் கொடுத்தது இரண்டாவது டேப். அது நெருங்கித்தான் வந்தது, வெட்டுப்படவில்லை. அதனால் பிழைத்தது.

வரிகள் பிரச்சினை

இரண்டாவது கவனம், வரிகள் பதிந்த முறை. பழைய கேமரா நொடிக்கு 25 முழுப் படம் எடுப்பதில்லை. நொடிக்கு 50 அரைப்படம் எடுக்கும். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள், ஒவ்வொன்றிலும் 288. இரண்டுக்கும் நடுவில் 1/50 நொடி ஓடிவிடும். கணினியில் இரண்டையும் சேர்த்துக் காட்டினால், வேகமாக அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலத் தெரியும். வீசுகோலை ஓங்கி அடிக்கும் கையைப் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

இந்த இரண்டு அரைப்படங்களையும் பிரித்து முழுப் படமாக்கிய பிறகே அளவை மாற்ற வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் பெரிதாக்கிவிட்டால் இரண்டு நேரத்து வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. டிவி வகைக் கோப்பில் கீழ் அரைப்படம் முதலில் வரும். இதைத் தலைகீழாகக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னும் உதறும்.

நான் இப்போது செய்யும் வரிசை

1. டேப் இருந்தால், கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக அப்படியே நகலெடுப்பேன். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. படத் தரம் குறையாது, பதிந்த தேதிகூட உள்ளே இருக்கும். இந்த மூலக்கோப்பைத் தொடவே மாட்டேன். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைப்பேன்.

2. மீடியாஇன்ஃபோவில் விகிதமும் வரிமுறையும் பார்ப்பேன். படத்தில் ஒரு வட்டத்தைத் தேடுவேன்.

3. எடிட்டிங்குக்கு ஒரு நகல் செய்வேன். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அரைப்படங்களைப் பிரிக்கும் வடிகட்டியைப் போட்டு, நொடிக்கு 50 படமாக, 1024×576 அளவில், உயர் தரத்தில். ஹேண்ட்பிரேக் கறுப்பு ஓரங்களைத் தானே வெட்டும் பழக்கம் உள்ளது. ராத்திரி எடுத்த வில்லுப்பாட்டில் இருட்டையும் அது ஓரம் என்று நினைத்துவிடலாம். தானியங்கி வெட்டலை நிறுத்திவிடுங்கள்.

4. போனில் எடுத்ததையும் சேர்க்கிறீர்களா? போன் வீடியோவில் நொடிக்கு எத்தனை படம் என்பது அடிக்கடி மாறும். அப்படியே எடிட்டரில் போட்டால் சத்தமும் வாயசைப்பும் விலகக்கூடும். அதையும் ஹேண்ட்பிரேக்கில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

5. கடைசியில்தான் புராஜெக்ட். 1920×1080, டேப் வீடியோ அதிகமென்றால் நொடிக்கு 50. 1024×576 படத்தை 1.875 மடங்கு பெரிதாக்கினால் இதில் சரியாக உட்காரும். பழைய 4:3 படமும் நடுவில் வந்தால் அது 1440×1080 ஆகும், இரண்டு பக்கமும் 240 புள்ளி கறுப்பு இருக்கும். இருக்கட்டும். இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

எடிட்டிங் தப்பாகப் போனால் மறுபடி செய்யலாம். மூலம் வெட்டுப்பட்டால் முடியாது. அலமாரியில் டேப் கிடந்தால் இந்த மாதமே நகலெடுத்துவிடுங்கள். அதை ஓட்டும் கேமராக்களும், ஃபயர்வயர் உள்ள கணினிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. நகலெடுத்த பிறகும் டேப்பின்மேல் எதையும் பதியாதீர்கள்.

திருத்திய வீடியோவை நேற்று மறுபடி போட்டேன். அப்பா கல்மண்டபத்தில் உட்கார்ந்து யாரிடமோ பேசிச் சிரிக்கிறார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ம்ம். இப்பம் சரி," என்றாள்.