ஃபெராரி எஃப்40, போர்ஷே 959: ஒரே விதி, இரண்டு விடைகள்

உலகிலேயே வேகமான சாலைக் கார் யாருடையது? 1980-களின் பிற்பாதியில் இத்தாலியின் ஃபெராரியும் ஜெர்மனியின் போர்ஷேவும் இதற்காக நேருக்கு நேர் மோதின. சேகரிப்பாளர்கள் இன்று பல கோடி ரூபாய் கொடுத்து வாங்கும் எஃப்40, 959 இரண்டும் அந்தக் காலத்தவை.

இரண்டுக்கும் வேர் ‘குரூப் பி’ பந்தயம். பந்தயத்தில் இறங்கும் காரின் மாதிரியில் 200 கார்களையாவது தயாரித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதற்காகவே போர்ஷே 959-ஐத் தொடங்கியது. ஃபெராரி 288 ஜிடிஓவை உருவாக்கியது. அடுத்தடுத்து நடந்த கோர விபத்துகளால் 1986-உடன் குரூப் பி முடிந்தது. 288 ஜிடிஓவைப் பந்தயத்துக்காக மேம்படுத்திய உழைப்பு, எஃப்40-க்கு அடித்தளமானது.

போர்ஷே தொழில்நுட்பத்தை நம்பியது. 959-இன் 2.85 லிட்டர் எஞ்சினில் இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைசெய்யும். அதனால் குறைந்த வேகத்திலும் இழுவை தொய்யாது. சாலையின் பிடிமானத்துக்கேற்ப நான்கு சக்கரங்களுக்கும் விசையைக் கணினி பங்கிட்டது. டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் வசதியும் இருந்தது. 1986 பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களும் 959-க்கே.

ஃபெராரி எடைக்குறைப்பை நம்பியது. நிறுவனத்தின் 40-ஆம் ஆண்டை ஒட்டி 1987-இல் வந்த எஃப்40, நிறுவனர் என்ஸோ ஃபெராரி தம் வாழ்நாளில் ஒப்புதல் தந்த கடைசி கார். உள்ளே தரைவிரிப்பு இல்லை, ரேடியோ இல்லை. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு. பவர் ஸ்டியரிங்கும் ஏபிஎஸ்ஸும்கூடக் கிடையாது. கார்பன் ஃபைபரும் கெவ்லாரும் கலந்த உடலால் எடை சுமார் 1,100 கிலோவில் நின்றது. 959-இன் எடை சுமார் 1,450 கிலோ.

திறனில் எஃப்40 478 குதிரைசக்தி, 959 450. உச்ச வேகம் முறையே மணிக்கு 324, 317 கிலோமீட்டர். ஆனால் மழையில் நனைந்த சாலையில் சாதாரண ஓட்டுநருக்கும் கட்டுப்படுவது 959-தான். எஃப்40-இல் முழு விசையும் பின்சக்கரங்களுக்கே போவதால், அதை ஓட்டத் தேர்ந்த கை வேண்டும்.

959 ஏறத்தாழ 300 கார்களோடு நின்றது. 4,20,000 ஜெர்மன் மார்க்குக்கு விற்றும் போர்ஷேவுக்கு ஒவ்வொரு காரிலும் நஷ்டம். 400 போதும் என்று தொடங்கிய எஃப்40-யோ தேவை பெருகி 1,300-ஐத் தாண்டியது. ஆனாலும் ஏலங்களில் பொதுவாக எஃப்40-க்கே விலை அதிகம். சந்தை விலையை அபூர்வம் மட்டும் தீர்மானிப்பதில்லை. என்ஸோவின் பெயரும் பந்தயக் காரின் முரட்டுத்தனமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

தொழில்நுட்ப வரலாற்றில் தீர்ப்பு வேறு. கணினி பங்கிடும் நான்கு சக்கர இயக்கம் இன்றைய சூப்பர் கார்களில் சர்வசாதாரணம். ஃபெராரியே அதைப் பயன்படுத்துகிறது. சேகரிப்பாளர்களின் மனத்தை வென்றது எஃப்40. எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தது 959.