தேயிலைச் சுவைக் குறிப்பைப் படிக்கும் முறை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்பவர், மலையேற்றம் தொடங்குமிடத்தில் கல்லாற்றைக் காண்பார். உருண்ட பாறைகளுக்கிடையே ஓடும் அவ்வாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறினால், சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடையலாம். இம்மலைச் சரிவுகளில் தேயிலை பயிராகிறது. பறிக்கப்பட்ட கொழுந்து தூளாகி ஏலத்திற்கு வருமுன், சுவை நிபுணர் ஒருவரின் நாக்கையும் மூக்கையும் கடந்தாக வேண்டும். அவர் எழுதும் இரண்டு மூன்று சொற்கள் விலையைப் பெரிதும் பாதிக்கின்றன. 1947இல் தொடங்கிய கொச்சி ஏலத்திற்கும், 1963இல் தொடங்கிய குன்னூர் ஏலத்திற்கும் இது பொருந்தும்.

மேல்நாடுகளில் திராட்சை மதுவைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் பழம், பூ, தோல், புகை என்று உவமைகள் நிறைந்திருக்கும். புதிதாகப் படிப்பவர் அவற்றைக் கண்டு மலைப்பதுண்டு. தேயிலைக் குறிப்பு அவ்வளவு அலங்காரமானதன்று. அதன் சொற்களிற் பல, தொழிற்சாலையில் நேர்ந்த ஒரு குறிப்பிட்ட செயலையே சுட்டுகின்றன. இதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

பரீட்சை முறை எளியது. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தூள் என்ற அளவில் வெள்ளைப் பீங்கான் பாத்திரத்திலிட்டு, அப்பொழுதே கொதித்த நீரை ஊற்றி, மூடி, 6 நிமிஷம் ஊறவிடுவர். 1980இல் வெளியான சர்வதேச நியமமும் இதையே கூறுகிறது. பின்னர்ச் சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைப்பர். உலர்ந்த தூள், ஊறிய இலை, சாயம் ஆகிய மூன்றும் தனித்தனியே பார்க்கப்படும்.

நிபுணர் சாயத்தைச் 'சர்'ரென்று ஒலியெழும்ப உறிஞ்சுவார். புதியவருக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம், ஆனால் காரணமுண்டு. நாக்கு உணர்வது இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சில சுவைகளையே. துவர்ப்பு வாயின் தோலில் உண்டாகும் ஒருவகைச் சுருக்க உணர்ச்சி. மற்றவையெல்லாம் வாசனையே. உறிஞ்சும்போது சாயம் திவலைகளாகச் சிதறி, அதன் ஆவி தொண்டையின் பின்புறமாக மூக்கை அடைகிறது. இதை வகுப்பறையிலேயே காட்டலாம். மாணவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிறிது சீரகத்தை மெல்லட்டும். ஏதோ லேசான கசப்பு மட்டுமே தெரியும். மூக்கை விட்டவுடன் சீரகம் சீரகமாகிவிடும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். பறித்த இலை முதலில் வாட்டப்படுகிறது. பிறகு முறுக்கி நசுக்கப்படுகிறது. அப்பொழுது இலையின் உயிரணுக்கள் உடைந்து, அவற்றிலுள்ள நொதி காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து வேலை செய்கிறது. தொழிலாளர் இதைப் 'புளிக்க வைத்தல்' என்பர். உண்மையில் இது ஆக்ஸிஜனேற்றம். இதனால் தியாஃப்ளாவின் என்னும் செம்மஞ்சள் பொருள்களும், தியாரூபிஜின் என்னும் பழுப்புப் பொருள்களும் தோன்றுகின்றன. முன்னவை சாயத்திற்குப் பளபளப்பையும் உயிர்ப்பையும் அளிக்கின்றன. பின்னவை நிறத்தையும் கனத்தையும் அளிக்கின்றன. நேரம் கூடக்கூட முன்னவை குறைந்து பின்னவை மிகும்.

ஆகவே 'பிரிஸ்க்', அதாவது உயிர்ப்புள்ளது, என்ற சொல் உரிய நேரத்தில் ஆக்ஸிஜனேற்றம் நிறுத்தப்பட்டது என்பதன் அடையாளம். 'சாஃப்ட்' என்றால் நேரம் கடந்துவிட்டது. சாயம் நிறமாயிருக்கும், ஆனால் சப்பென்றிருக்கும். 'கிரீனிஷ்' என்பது இதற்கு நேர்மாறு: முறுக்கலோ புளிப்போ போதாமையால் எழும் பச்சை நெடி. 'காப்பரி' என்பது ஊறிய இலை புதுச் செப்புக் காசு போல் மின்னுவதைக் குறிக்கும், இது பாராட்டு. 'பாடி' என்பது வாயில் உணரப்படும் கனம். ஆறிய சாயம் பாலாடை படிந்தாற்போல் கலங்கினால் 'கிரீம்' என்பர். பலர் இதைக் குற்றமென எண்ணுகின்றனர். தியாஃப்ளாவின் முதலியவை காஃபீனுடன் கூடிப் பிரிவதே இது. நல்ல தேயிலையின் இலக்கணம்.

உலர்த்தும் கட்டத்தின் குற்றங்களுக்கும் தனிப்பெயர்கள் உண்டு. உஷ்ணமோ காற்றோட்டமோ போதாமல் இலை தன் ஈரத்திலேயே வெந்தால் 'ஸ்டூவ்ட்'. உஷ்ணம் மிகுந்தால் 'பேக்கி'. அடுப்பின் குழாயில் ஓட்டையிருந்து புகை கலந்தால் 'ஸ்மோக்கி'.

களப்பணியாளர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். சரக்கு குறைந்த விலைக்குப் போகும்போது பழி முதலில் விழுவது கொழுந்து பறித்தவர் மீதும், இலை கொடுத்த சிறு விவசாயி மீதுமே. முற்றிய இலையைக் கலந்துவிட்டதாகக் கூறி அவருடைய விலையும் குறைக்கப்படலாம். முற்றிய இலையால் சாயம் மெலிந்து 'பிளெயின்' ஆவது உண்மைதான். ஆனால் குறிப்பில் 'ஸ்மோக்கி' என்றோ 'பேக்கி' என்றோ இருந்தால், அக்குற்றம் உலர்த்தும் இயந்திரத்தருகே நேர்ந்தது. பறித்தவரின் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் இதை எடுத்துரைக்கலாம். விலையை மட்டும் பார்ப்பவரால் இயலாது.

நிபுணரின் நாக்கும் ஏமாறக்கூடியதே. பிரான்சில் போர்தோ நகரில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், வெள்ளைத் திராட்சை மதுவுக்கு வாசனையற்ற சிவப்புச் சாயமூட்டி 54 மாணவர்களிடம் கொடுத்தனர். அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தனர். கண் முந்திக்கொண்டது.

இதற்கு மாற்றாக மூன்று கிண்ணச் சோதனை உள்ளது. இரண்டில் ஒரே சாயம், ஒன்றில் வேறு சாயம். நிறம் தெரியாதபடி கண்ணைக் கட்டிக்கொண்டு வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்புண்டு. தொடர்ந்து மூன்று முறை அவ்வாறு சரியாக அமைய இருபத்தேழில் ஒன்றுதான். கணித ஆசிரியருக்கும் இதில் வேலையுண்டு.

பயிற்சிக்கு விலையுயர்ந்த தேயிலை வேண்டியதில்லை. ஒரே தூளை இரு டப்பாக்களில் இட்டு, ஒன்றினுள் மட்டும் ஒரு வில்லை சூடத்தைக் காகிதத்தில் மடித்து ஓரிரவு வைத்தால் போதும். மறுநாள் இரண்டையும் ஊறவைத்து உறிஞ்சிப் பார்த்தால் 'டெயின்ட்' என்னும் அந்நிய வாசனைக் குற்றம் தானே விளங்கும். தேயிலையை ஏன் மசாலாப் பெட்டிக்கருகில் வைக்கலாகாது என்பதும் விளங்கும்.