கலங்கிய குழாய்த் தண்ணீர்: சந்தேகங்களும் விளக்கங்களும்

திருத்த வேலைக்காக நீர்வெட்டு. மறுநாள் குழாயைத் திறந்தால் முதலில் காற்றுத்தான் சீறும். பிறகு பால் நிறத்திலோ தேயிலைச் சாயம்போலவோ தண்ணீர் வரும். மன்னார்த் தீவு வீடுகளில் அப்போது எழும் கேள்விகள் இவை.

ஏன் கலங்குகிறது?

மன்னார் நகருக்கான நீர் முருங்கன் பக்கத்து நிலத்தடியில் எடுக்கப்பட்டு, நீண்ட குழாய் வழியே தீவுக்கு வருகிறது. குழாய்களின் உட்புறத்தில் நாளடைவில் மண்டி படியும். இரும்புக் குழாயென்றால் துருவும் சேரும். நின்ற நீர் மறுபடி வேகமாகப் பாயும்போது அவை பெயர்ந்து வருகின்றன.

காற்றா, அழுக்கா?

கண்ணாடிப் போத்தலில் பிடித்து மேசையில் வையுங்கள். சில நிமிடங்களில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. அடியில் மண்டி தங்கினால் படிவு. செம்மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பினால் வருவது. அன்றைக்குப் பள்ளிச் சீருடையை ஊறவைக்காதீர்கள், கறை இலேசில் போகாது. கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒட்டுவது வேறு விடயம். அது சுண்ணக்கல் நிலத்து நீரின் இயல்பு.

தெளிந்த பின் குடிக்கலாமா?

கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். தீவின் மணலில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. மலசலகூடக் குழிகளும் அதே மணலில்தான் இருக்கின்றன. குழாயில் அமுக்கம் இல்லாத நேரத்தில் எங்காவது வெடிப்பு இருந்தால் வெளிநீர் உள்ளே இழுபடும். படிகாரமோ தேற்றாங்கொட்டையோ மண்டியை அடியில் இருத்தும்; கிருமியைக் கொல்லாது. கலங்கல் நீரில் குளோரினும் சரியாக வேலை செய்யாது, துகள்கள் கிருமிக்கு மறைவிடமாகிவிடும். இலங்கையின் குடிநீர்த் தரம் கலங்கலை 2 அலகு வரையே அனுமதிக்கிறது. நம் கண்ணுக்குக் கலங்கல் தெரிவதோ ஏறத்தாழ 4 அலகில்தான். கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பது இதனால்தான். தெளியவிட்டு, துணியில் வடித்து, குமிழி பொங்க ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள். குழந்தையின் பால்மாவுக்கு இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

வீட்டில் முதல் வேலை எது?

தண்ணீர் வருமுன்பே தாங்கிக்குப் போகும் வால்வை மூடுங்கள். மீற்றருக்கு அருகிலுள்ள வெளிக்குழாயைத் திறந்து, தெளியும்வரை வாளிகளில் பிடியுங்கள். நல்ல தண்ணீருக்கு ஏங்கும் இந்த ஊரில் அதைக் கொட்ட மனம் வராது, மரங்களுக்கும் மலசலகூடத்துக்கும் உதவும். மோட்டரைப் பொதுக்குழாயில் நேரே பூட்டி இழுக்காதீர்கள். அது உங்கள் வீட்டுக்கும் அயலாருக்கும் அழுக்கையே இழுத்து வரும்.

ஒரு நாளாகியும் தெளியாவிட்டால் நீர் வழங்கல் சபையின் 1939 இலக்கத்துக்கு அழையுங்கள். கழிவு நாற்றம் அடித்தாலோ, அயலில் இரண்டு மூன்று பேருக்கு வயிற்றோட்டம் கண்டாலோ ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். அன்றே பொதுச் சுகாதார பரிசோதகருக்கும் தெரிவியுங்கள்.