இறுகிப்போன எஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றும் கருவிகள்

எஞ்சினில் பல ஆண்டுகள் கழற்றப்படாமல் இருக்கும் போல்ட், துரு, வெப்பம், உலோக அரிப்பு ஆகியவற்றால் தன் மரையிலேயே பிடித்துக்கொள்வதுண்டு. இதைக் கழற்றத் தவறான கருவியைப் பயன்படுத்தினால் போல்ட்டின் தலை உருண்டுவிடும் அல்லது தண்டு முறிந்து உள்ளேயே தங்கிவிடும். சில ரூபாய் விலையுள்ள போல்ட்டுக்காகச் சிலிண்டர் ஹெட்டையே லேத் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை இப்படித்தான் ஏற்படுகிறது.

போல்ட் ஏன் இறுகுகிறது என்பதைப் பொறுத்தே கருவி அமையும். சைலன்சர் குழாய் இணையும் இடத்தில் உள்ள ஸ்டட்கள் மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்வதால் துருவேறுகின்றன. அலுமினிய எஞ்சின் உறையில் எஃகு போல்ட் இருந்தால், ஈரம் படும்போது இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நிகழ்ந்து வெள்ளைப் பொடி மரையை அடைத்துக்கொள்கிறது. சில போல்ட்டுகள் துருவினால் அல்ல, தொழிற்சாலையில் இடப்பட்ட மரைப் பசையால் இறுகியிருக்கும். வலுவான வகைப் பசை ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால்தான் இளகும். எண்ணெய் விட்டுக் காத்திருப்பது இங்குப் பயன் தராது.

தலையைப் பிடிக்கும் கருவிகள்

வாய் திறந்த ஸ்பேனர் போல்ட்டின் இரு பக்கங்களை மட்டுமே பிடிக்கிறது. அதிக விசை கொடுத்தால் அதன் வாய் சற்றே விரிந்து தலையின் முனைகளை மழுக்கிவிடும். ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் தலையை முழுவதுமாகச் சுற்றிப் பிடிப்பதால் இறுகிய போல்ட்டுக்கு ஏற்றவை. அவற்றிலும் 12 முனை வகையைவிட 6 முனை வகையே பாதுகாப்பானது. 12 முனை வகை குறுகலான இடத்தில் வேகமாக வேலை செய்ய உதவும். ஆனால் தலையின் மூலைகளுக்கு மிக அருகில் அழுத்துவதால் எளிதில் வழுக்கும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

அளவு சரியாகப் பொருந்துவது கருவியின் தரத்தைவிட முக்கியம். அரை அங்குலத் தலை 12.7 மி.மீ.; அதில் 13 மி.மீ. சாக்கெட் நுழைந்துவிடும், சாதாரணப் போல்ட்டைக் கழற்றியும்விடும். இறுகிய போல்ட்டில் அந்த 0.3 மி.மீ. இடைவெளியே தலையை உருட்டப் போதுமானது. சப்பானிய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் உறையில் உள்ள கூட்டல் குறித் திருகுகளிலும் இதே சிக்கல் உண்டு. அவை சப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுதாக அமராமல் மேலெழும்பி வரும். சரியான முனை பொருத்திய கை இம்பாக்ட் டிரைவரைச் சுத்தியலால் அடிக்கும்போது, திருகு உள்நோக்கி அழுத்தப்பட்டுக்கொண்டே திரும்புவதால் வழுக்காமல் கழல்கிறது.

நெம்பு நீளமும் அதிர்வும்

ஏறத்தாழ 20 கிலோ எடையளவு விசையை 15 செ.மீ. ஸ்பேனரில் கொடுத்தால் கிடைப்பது சுமார் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கம். அதே விசையை 60 செ.மீ. பிரேக்கர் பாரில் கொடுத்தால் 120. வீல் நட்டுக்கு இது பொருத்தம். ஆனால் வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் அளவிலேயே இறுக்கப்படும் 6 மி.மீ. எஞ்சின் போல்ட்டில், ஸ்பேனருக்குப் பின்னால் பைப்பைச் செருகித் திருப்புவது முறிப்பதற்கே வழி. சிறிய போல்ட்டுகளுக்கு நெம்பைவிட அதிர்வே உதவும்: தலையின் மேல் நேராகச் சில அடிகள், பிறகு சிறிது இறுக்கிப் பின் தளர்த்துதல். சில எஞ்சின்களின் கிளட்ச் நட் இடது மரை கொண்டது என்பதால், பலம் காட்டும் முன் மரையின் திசையைப் பார்ப்பது அவசியம்.

எண்ணெயும் வெப்பமும்

ஊடுருவும் எண்ணெய் வேலை செய்ய நேரம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்காமல் ஓர் இரவு ஊறவிடுவதே பயன் தரும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால், போல்ட்டைச் சுற்றியுள்ள உறையைச் சூடாக்கினால் துளை தளரும். இதற்கு ஹீட் கன் போதும். அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும் என்பதால் தீச்சுடர் ஆபத்தானது. பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் அருகில் தீச்சுடரைப் பயன்படுத்தவே கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகக்கூடும்.

முறிந்த பிறகு

தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்புவதே பெரும்பாலும் சிறந்த வழி. வெல்டிங் வெப்பமும் துருவைத் தளர்த்திவிடும். உள்ளே முறிந்திருந்தால் சென்டர் பஞ்சால் நடுவைக் குறித்து, இடப்புறம் சுழலும் டிரில் பிட்டால் துளையிடலாம். துளையிடும்போதே போல்ட் கழன்று வருவதும் உண்டு. எக்ஸ்ட்ராக்டரை இறுதியாகவே எடுக்க வேண்டும். அது மிகக் கடினமான, நொறுங்கும் எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது, மின்பொறி அரிப்பு எந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் செல்ல வேண்டும். மரை கெட்டுப்போயிருந்தால் துளையைப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, கம்பிச்சுருள் மரை பொருத்தினால் பழைய அளவிலான போல்ட்டையே மீண்டும் இறுக்கலாம்.