குறையைச் சொல்லி விற்ற கடை

வணிக எழுத்து எதிர்கொள்ளும் முதன்மையான இடர்ப்பாடு, அடுத்து வரப்போகும் சொல் எதுவென்று வாசகர் முன்கூட்டியே அறிந்திருப்பதாகும். குறைந்த விலை, நிறைந்த தரம், கனிவான சேவை என்று எல்லாக் கடைகளும் அறிவிப்பதால், அச்சொற்களைக் கண் கடந்துபோகிறதே தவிர மனம் பதித்துக்கொள்வதில்லை. இந்த எதிர்பார்ப்பை உடைத்து வாசகரை நிறுத்திவைப்பதே வியப்பு என்னும் உத்தியின் பணியாகும். அதற்குத் தெளிவான சான்று ரொறன்ரோ நகரின் வணிக வரலாற்றிலேயே உள்ளது.

புளோர், பாதர்ஸ்ட் வீதிகள் சந்திக்கும் இடத்தில் எட் மிர்விஷ் என்பவர் 1948இல் ‘ஆனஸ்ட் எட்ஸ்’, அதாவது ‘நேர்மையான எட்’டின் கடை, என்னும் மலிவு விலை அங்காடியைத் தொடங்கினார். நொடித்துப்போன கடைகளிலும் தீவிபத்துக்குப் பிந்திய விற்பனைகளிலும் வாங்கிய உதிரிச் சரக்குகள், தோடம்பழப் பெட்டிகளின்மேல் பரப்பி வைக்கப்பட்டன. தொடக்க கால விளம்பரமோ, கட்டடம் குப்பை, சேவை மோசம், தட்டுகளுக்குப் பதில் வெறும் பழப்பெட்டிகள் என்று தன் கடையைத் தானே இழித்துரைத்துவிட்டு, விலை மட்டும் நகரிலேயே மிகக் குறைவு என்று முடித்தது.

பழிப்பதுபோலப் புகழும் இம்முறையைத் தமிழ் அணியிலக்கணம் நன்கறியும். தண்டியலங்காரம் இதனை இலேச அணியின் ஒரு வகையாகக் கொள்கிறது, பிற்கால வழக்கில் இது வஞ்சப்புகழ்ச்சி எனப்படுகிறது. எனினும் மிர்விஷின் விளம்பரத்தில் இகழ்ச்சி வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை. அழகிய தட்டுகளுக்கும் பணியாளர்களுக்கும் செலவிடாத கடையால்தான் மலிவாக விற்க முடியும் என்பதால், ஒப்புக்கொண்ட ஒவ்வொரு குறையும் குறைந்த விலைக்குக் காரணமாயிற்று. குறையை மறைக்காதவர் விலையிலும் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையும் உடன் பிறந்தது.

கடையின் வெளிச்சுவரில் எழுதப்பட்டிருந்த ‘உள்ளே வந்து தொலைந்து போங்கள்’ என்ற பொருள்படும் வாசகமும் இதே வகையினது. வாடிக்கையாளரை விரட்டுவதுபோல் ஒலித்த அவ்வழைப்பு, புகுந்தவர் வழிதேடி அலையும்படி பரந்து குழம்பிக் கிடந்த கடையின் உள்ளமைப்பை உள்ளபடியே சொன்னது. ஒருமுறை கண்ட வியப்பு மறுமுறை மங்கிவிடும் என்பதை உணர்ந்த மிர்விஷ், ஏறத்தாழ 23,000 மின்குமிழ்களால் பெயர்ப்பலகையை ஒளிரவிட்டும், யானைமேல் ஏறியும், தமக்கு எதிராகவே மறியல் செய்யக் கூலிக்கு ஆள் அமர்த்தியும் உத்தியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்.

ஒரே மாதிரியானவற்றின் நடுவே மாறுபட்டு நிற்பது நினைவில் எளிதில் தங்கும் என்று உளவியலறிஞர் ஹெட்விக் வொன் ரெஸ்டார்ஃப் 1933இல் காட்டினார். அதே ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதித் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகைகளில், வீடு விற்பனை முகவர்களும் வீட்டுக்கடன் முகவர்களும் புன்னகைக்கும் படத்தோடும் ‘உங்கள் நம்பிக்கைக்குரியவர்’ என்ற வரியோடும் அடுத்தடுத்து நிற்கையில், ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய வாசகருக்கு வழியில்லை. அவர்களுள் ஒருவர், ‘சமையலறை சிறியது, நிலவறை தாழ்வானது; ஆனால் கென்னடி சுரங்க ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம், விலை குறைந்ததும் அந்தச் சமையலறையால்தான்’ என்று எழுதுவாரானால், வீடு தேடுபவர் அவ்வரியில் நிற்பார்; பார்க்க வரும்போது ஏமாற்றமும் அடையார். மாறாக, அதிர்ச்சி தரும் தலைப்பிட்டு உள்ளே பொருளின்றி எழுதுபவர், வாசகரின் கவனத்தை ஒருமுறை பெற்று நம்பிக்கையை நிரந்தரமாக இழக்கிறார்.

ஆனஸ்ட் எட்ஸ் 2016 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2014இல், கடையின் கையெழுத்து விலைப்பலகைகள் விற்பனைக்கு வந்தபோது, அவற்றை வாங்க மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். சரக்கை விற்க எழுதப்பட்ட எழுத்தே சரக்காகுமளவுக்கு அது மதிக்கப்பட்டதற்குக் காரணம், அந்த வேடிக்கைப் பேச்சுக்கு அடியில் கடையைப் பற்றிய உண்மை ஒன்று எப்போதும் இருந்ததேயாகும்.